வாயாடி வாய் மூடக் கூடாது

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! தலைவருக்கு இருபுறமும் தாங்கு தூண்களாக வீற்றிருக்கும் ஆன்றோர்களே! வயதால் முதிர்ந்து வாஞ்சையால் இளமையாக இருக்கும் பெரியவர்களே! மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அழுதால் எழுந்து வெளியே போய்விடலாமா என்று தவித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! (அழட்டும் அம்மா, எழுந்து போகாதீர்கள். அழுகிற பிள்ளை இருக்கிற சபைதான் உயிருள்ள சபை.) வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவே நேரத்தைத் திருடி எங்களுக்காக மென்பொருள் எழுதும் தம்பிகளே, தங்கைகளே! வெள்ளைக் கோலை மடித்து நாற்காலிக்கடியில் வைத்திருக்கும் என் தோழர்களே, தோழியர்களே! உங்கள் அனைவருக்கும் அச்சத்தோடு ஒரு வணக்கம்.

அன்போடு வணக்கம் சொல்வார்கள், பணிவோடு வணக்கம் சொல்வார்கள். இவள் என்ன அச்சத்தோடு சொல்கிறாளே என்று பார்க்கிறீர்களா? மேடை பயமா என்று கேட்கிறீர்களா? அட, எனக்கு எதற்கு மேடை பயம்? உங்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. நீங்கள் கொட்டாவி விட்டால்கூடச் சத்தமில்லாமல் விட்டால் பிழைத்தீர்கள். என் அச்சம் வேறு. இங்கே, இந்த மேடையில், எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே நம் தாடிக்காரர், அவரால் வந்த அச்சம். அவர்மேல் கோபம் இல்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தைமேல்தான் அச்சம். அந்த வார்த்தை என்ன என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்குப் புரியாது.

முதலில் என்னைப் பற்றி. நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். கூட்டங்களில் பதிவு செய்த பேச்சுகளைக் காதால் கேட்டு, எழுத்தாகத் தட்டித் தருவது என் தொழில். ஆகையால் தலைவர் ஐயா, நீங்கள் பேசும்போது எத்தனை முறை 'ஆக' என்று சொல்கிறீர்கள் என்பது எனக்குத்தான் தெரியும். என் கணவர் ரயில் விசாரணை மேசையில் தொலைபேசி எடுக்கிறவர். அவருக்கும் பார்வை இல்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். கட்டிலுக்கடியிலும் கதவிடுக்கிலும் புகுந்து புறப்படுவதால் அவளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். காலில் ஒரு சின்னச் சதங்கை கட்டியிருக்கிறோம். சதங்கை ஒலித்தால் நிம்மதி. சதங்கை நின்றால் எங்கள் இருவர் நெஞ்சும் நின்றுவிடும்.

அவள் பிறந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தில் ஒரே பேச்சு. "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, எப்படி வளர்ப்பாங்க?" எதிரிகள் பேசவில்லை, ஐயா. எங்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் பேசினார்கள். அதிலும் என் கணவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, நீளமான கை, நிற்காத வாய். குழந்தை நடக்கிற வரைக்கும் தம் வீட்டில் இருக்கட்டுமே என்று அவர் மெல்ல ஆரம்பித்தார். நடக்கிற வரைக்கும் என்பார்கள். பிறகு பேசுகிற வரைக்கும் என்பார்கள். பிறகு பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்பார்கள். எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு? பெற்ற பிள்ளையை விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்றேன். அதற்கு அண்ணி, சரி, நான் வந்து கொஞ்ச நாள் தங்கிப் பார்க்கிறேன், நீ சமாளிக்கிறாய் என்று என் கண்ணுக்குப் பட்டால் பேச்சையே விட்டுவிடுகிறேன் என்றார். பெட்டியோடு வந்தும் இறங்கினார்.

தாய்மார்களே, உங்கள் வீட்டுக்குத் தேர்வுத்தாள் திருத்துகிறவர் வந்து தங்கியதுண்டா? பால் காய்ச்சினால் பின்னால் ஒரு மூச்சு. குளிப்பாட்டினால் வாசலில் ஒரு மூச்சு. உப்பு டப்பாவை எடுத்தால் உப்புதானா என்று ஒரு மூச்சு. நான் தூங்கும்போதுகூட யாரோ மதிப்பெண் போடுவது போலவே இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், நான் சமாளித்தேன். எப்படிச் சமாளித்தேன்? இரண்டு துணைகள் எனக்கு இருந்தன. ஒன்று ரப்பர் பேண்ட். இன்னொன்று வாயாடி.

சிரிக்காதீர்கள், விளக்குகிறேன். கடையில் வாங்கும் மருந்துப் புட்டிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மூடி. அதனால் காய்ச்சல் மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் சுற்றுவேன். தோலில் தடவுகிற மருந்துக்கு இரண்டு சுற்றுவேன். விரல் பட்டால் போதும், விவரம் தெரிந்துவிடும்.

வாயாடி யார்? உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும், மீதிப்பேருக்காகச் சொல்கிறேன். நம் குழு எழுதிய கட்டற்ற மென்பொருள் அவள். போனின் கேமராவைப் புட்டிக்கு நேராகக் காட்டினால், அதிலுள்ள எழுத்தைத் தமிழில் வாசித்துச் சொல்வாள். காலாவதித் தேதி சொல்வாள், சட்டையின் நிறம் சொல்வாள், மின்விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றும் சொல்வாள். சில நேரம் கேட்காததையும் சொல்வாள். அதனால்தான் அந்தப் பெயர். அவளுக்கென்று வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அந்தப் பெயரில் யார் அவளைக் கூப்பிடுகிறார்கள்? அவளை எழுதிய தாடிக்காரரே மறந்திருப்பார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் போனைப் பயன்படுத்துகிற விதம் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். திரையில் வெளிச்சமே வைத்துக்கொள்ள மாட்டோம். எங்களுக்கு எதற்கு வெளிச்சம்? இருட்டாக வைத்தால் பேட்டரி மிஞ்சும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் கணவர் அனுப்பிய செய்தியை எட்டிப் பார்த்துப் படிக்கவும் முடியாது. போதாதற்கு, குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வேன். ஆக, அண்ணியின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. செத்துப்போன ஒரு போனை நான் நாளெல்லாம் தடவிக்கொண்டே இருக்கிறேன். பாவம், யாரும் எடுத்துச் சொல்லவில்லை போல என்று அவர் மனம் கரைந்துவிட்டது.

ஒரு நாள் காலை, நானும் சுண்டெலியும் சளியில் மூக்கடைத்துப்போய்ச் சேர்ந்து உறங்கிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அண்ணி எனக்கு இரண்டு உபகாரம் செய்தார். முதல் உபகாரம், மருந்து அலமாரியைத் துடைத்துச் சுத்தம் செய்தார். புட்டிகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். புட்டிகளைக் கழுவித் துடைத்து அழகாக அடுக்கி வைத்தார். இரண்டாவது உபகாரம், என் போனைக் கீழ்த்தெருக் கடைக்கு எடுத்துப்போய் ரிப்பேர் செய்து கொண்டுவந்தார். கடைக்காரருக்கும் அந்த இருட்டுத் திரை புரியவில்லை. உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, புத்தம்புதிதாக ஆக்கிக் கொடுத்துவிட்டார். நான் எழுந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று அண்ணி போனைத் தலையணையோரம் வைத்தார். மாற்றுத் துணி எடுத்து வர அவர் வீட்டுக்குப் புறப்பட்டும் போனார்.

ஆச்சரியப்பட்டேன், ஐயா. நன்றாகவே ஆச்சரியப்பட்டேன்.

மதியம் விழித்தேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் போலச் சுட்டது. அழக்கூட இல்லை, முனகினாள். அலமாரிக்கு ஓடினேன். கை வைத்தால், வழவழவென்று இரண்டு புட்டிகள். ரப்பர் பேண்ட் இல்லை. எந்தப் பக்கம் எது இருந்ததென்றும் சொல்ல முடியாது, எல்லாம் இடம் மாறியிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூக்கடைப்பு! இரண்டும் ஒரே மாதிரி கெட்டித் திரவம். ஒன்றை வாயில் ஊற்றினால் காய்ச்சல் இறங்கும். இன்னொன்றை ஊற்றினால்? அந்த வாக்கியத்தை நான் அன்றைக்கும் முடிக்கவில்லை, இன்றைக்கும் முடிக்க மாட்டேன்.

போனை எடுத்தேன். வாயாடியைக் கூப்பிட்டேன். ஊமை! தட்டினேன், தடவினேன், கெஞ்சினேன். வழவழப்பான ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். வேலையில் இருக்கும் கணவரைக் கூப்பிடலாம் என்றால் எந்த இடத்தில் தொட்டால் யாருக்குப் போகும்?

என்ன அம்மா, முன்வரிசையில் ஏதோ சொல்கிறீர்களே? பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார், அண்ணிக்கு நெருங்கிய தோழி. அவர் கதவைத் தட்டி, எது மருந்து என்று தெரியவில்லை என்று நான் சொல்கிறேன் என்று வையுங்கள். பொழுது சாய்வதற்குள் செய்தி அண்ணிக்குப் போகும். அண்ணிக்குப் போனால் என் பிள்ளை என்னைவிட்டுப் போகும். வாசல் வரைக்கும் போய், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன். பிள்ளை என்னோடு இருக்க வேண்டுமா? பிள்ளை பிழைத்திருக்க வேண்டுமா? ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா இது? கதவைத் திறந்தேன். எதிர்க்கதவைத் தட்டினேன், தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். பூட்டியிருந்தது. வேலைநாள், எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

உள்ளே வந்தேன். போனின் பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் இருக்கின்றன அல்லவா? இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் சில போன்களில் திரையை வாசிக்கும் குரல் வரும் என்று நம் குழுக்கூட்டத்தில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பிடித்தேன். விடாமல் பிடித்தேன். போனுக்குள்ளிருந்து ஏதோ ஒரு அயல்மொழிக்காரி கடகடவென்று பேச ஆரம்பித்தாள். அவள் பேசியது பாதி புரியவில்லை, ஆனாலும் ஓடிப்போய் முத்தம் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் வாயாடி எங்கே? நான் காசு கொடுத்து வாங்கியிருந்த வேறொரு செயலி இருந்தது. அதைத் திரும்பப் போடப் போனால் உன் கணக்கு எது, கடவுச்சொல் எது, நீதான் நீ என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறது. தோளில் பிள்ளை கொதித்துக்கொண்டிருக்கிறாள், இவன் என்னிடம் ஆதாரம் கேட்கிறான்! அப்போது நினைவு வந்தது, மெமரி கார்டு. நம் குழு போன முறை கூடியபோது, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம் என்று வாயாடியை எங்கள் எல்லார் கார்டிலும் போட்டுத் தந்தீர்களே! கடைக்காரர் போனை அழித்தார், கார்டை அழிக்கவில்லை. தேடினேன், தொட்டேன், நிறுவினேன். கணக்குக் கேட்கவில்லை அவள். ஆதாரம் கேட்கவில்லை. இணையம்கூடக் கேட்கவில்லை. "புட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்றாள்.

நான் மூடி திறந்து கையில் வைத்திருந்த புட்டி அது. என் மனசு இதுதான் காய்ச்சல் மருந்து என்று முடிவே கட்டியிருந்தது. திருப்பினேன். காதில் இயர்போன் இல்லாததால் வீடு முழுக்கக் கேட்கும்படி வாயாடி வாசித்தாள்.

"வெளிப்பூச்சுக்கு மட்டும். உள்ளே அருந்தக் கூடாது."

அந்த வார்த்தை முடியவும் பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அண்ணி வந்து நின்றிருக்கிறார். திறந்த புட்டியைப் பார்த்துவிட்டார், கையிலிருந்த கரண்டியைப் பார்த்துவிட்டார், துவண்ட பிள்ளையைப் பார்த்துவிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு எது மருந்து என்று தெரியவில்லை, ரப்பர் பேண்டைக் காணோம், போன் ஊமையாகிவிட்டது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நிற்காத வாய் என்றேனே, அந்த வாயிலிருந்து மிக மெல்லிய குரல் வந்தது.

"குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டேன்மா. அதெல்லாம் அடையாளம்னு ஒரு வார்த்தை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, இவ்வளவு கஷ்டப்பட்டா வளர்க்கறன்னு புள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயம், அண்ணி."

அடுத்த புட்டியை அவர் கையில் எடுத்தார். அவரே படித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையில் கொடுத்து, இதையும் அதுகிட்டயே காட்டு, நான் பார்க்கிறேன் என்றார். வாயாடி வாசிக்க வாசிக்க, அண்ணி தம் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். மருந்தின் பெயர் சரி. அளவு சரி. தேதி சரி. மருந்தை நான்தான் ஊற்றினேன். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிச் சுண்டெலி கட்டிலுக்கடியில் புகுந்த பிறகு, அண்ணி அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். "அந்த வாயாடி இருக்கற வரைக்கும் புள்ளை இங்கயே இருக்கட்டும்மா" என்றார்.

வாயாடி இருக்கிற வரைக்கும்! கேட்டீர்களா அவையோரே? என் பிள்ளை என் வீட்டில் இருப்பதற்கு ஒரு தவணை உண்டென்றால், அந்தத் தவணை ஒரு மென்பொருளின் ஆயுள்.

இப்போது சொல்கிறேன் தாடிக்காரரின் வார்த்தையை. போன மாதம் குழுவில் அவர் சொன்னார்: "இந்த வருஷத்தோட நான் நிறுத்திக்கறேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. பகலெல்லாம் ஒரு அலுவலகத்துக்கு உழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் உயிரில் வாயாடிக்கு உழைத்தவர். ஆரம்பத்தில் பத்துப்பேர் கை கொடுத்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வெளிநாடு, ஒருவருக்கு அலுப்பு. கடைசியில் இவர் ஒருவரே. இவருக்கு மணிக்கட்டில் தீராத வலி. ஆனால் புதிய போன்கள் வரப்போகின்றன. அவற்றுக்கு ஏற்றபடி யாராவது திருத்தி எழுதாவிட்டால், அந்தப் போன்களில் வாயாடி வாய் திறக்க மாட்டாள். என் பழைய போன் எத்தனை நாள் உழைக்கும்? அது விழுந்து உடைகிற அன்றைக்கு என் வீட்டில் எது உடையும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு செயலி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, வண்டி வண்டியாக இருக்கின்றன. நேற்றுவரை பேசிய செயலியை இன்று காலை திறந்தால், அழகாக்கிவிட்டோம் என்று அறிவிக்கிறார்கள். பொத்தானுக்கு இருந்த பெயரை எடுத்துவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் காதில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் விழுகிறது. எது பணம் அனுப்பும் பொத்தான், எது ரத்து செய்யும் பொத்தான்? துணி துவைக்கும் எந்திரத்தில் திருகும் குமிழ் இருந்தது, எடுத்துவிட்டுத் தொடுதிரைக் கண்ணாடி வைத்தார்கள். மின்தூக்கியில் தடவிப் பார்க்க எண் இருந்தது, எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். எங்கள் அண்ணியைப் போலவே அவர்களும் நல்லவர்கள்தான். துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள், எங்கள் ரப்பர் பேண்டைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அண்ணியிடம் நான் சண்டை போடலாம். அவர்களிடம் போய் யார் கதவைத் தட்டுவது?

கட்டற்ற மென்பொருள் என்றால் எனக்கு இலவசம் என்று பொருளில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டும் உரிமை என்று பொருள். எங்கே பிழை என்று திறந்து பார்க்கலாம், எங்களுக்கு ஏற்றபடி மாற்றலாம், மாற்றியதை அடுத்தவளுக்குக் கொடுக்கலாம். ஆனால் உரிமை மட்டும் இருந்து என்ன செய்ய? உட்கார்ந்து மாட்ட ஒரு கை வேண்டாமா? கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே வந்து விளக்கேற்ற ஆளில்லை என்றால் அந்த வீட்டில் யார் குடியிருப்பது?

அதனால் தம்பிகளே, தங்கைகளே, உங்களைக் கேட்கிறேன். மடியேந்திக் கேட்கிறேன். வாயாடியை யார் ஏற்றுக்கொள்கிறீர்கள்? நிரல் எழுதத் தெரிந்தவர் நிரல் எழுதுங்கள். தெரியாதவர் சோதித்துச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை போதும்.

பொறுங்கள். நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன, சிலர் கை தூக்குகிறீர்களோ என்னவோ. கை தூக்காதீர்கள் ஐயா, எனக்குத் தெரியாது! கை தட்டவும் செய்யாதீர்கள், தட்டுகிறவர் யார், ஏற்கிறவர் யார் என்று பிரித்தறிய முடியாது. வாய்விட்டுச் சொல்லுங்கள். 'நான்' என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

எங்கே?

மின்விசிறி சுற்றுவது கேட்கிறது. யாரோ இருமுவது கேட்கிறது. தாடிக்காரர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. நான் கேட்க வந்தது அதுவல்லவே. யாருமே இல்லையா?

யாரது? தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். இன்னொரு தரம் சொல்லுங்கள் அம்மா.

அண்ணி! நீங்களா? குழந்தையோடு வீட்டில் அல்லவா இருந்தீர்கள்? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எப்போது வந்து உட்கார்ந்தீர்கள்?

அவையோரே, பின்வரிசைக்கு எட்டியிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லத் தெரியும் என்கிறார். இன்னும் ஏதோ சொல்கிறார், கொஞ்சம் அமைதி.

"புள்ளைக்காகச் சொல்லலம்மா. வாயாடி இருந்தாலும் இல்லாட்டியும் புள்ளை உன்கிட்டதான் இருக்கும். இது உனக்காக."

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர்.

இதோ இன்னொரு குரல், வலப்பக்கம். நன்றி தம்பி. அங்கே ஒரு தங்கை. அதற்குப் பின்னால் யார்? ஒருவர்மேல் ஒருவர் விழாமல் சொல்லுங்கள், ஒவ்வொரு குரலையும் நான் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தாடிக்காரரே, கேட்கிறதா? வருஷம் முடிவதற்குள் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நீங்கள் ஓய்வெடுங்கள். என் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இன்று 'நான்' என்று சொன்னவர்கள் நாளையும் வர வேண்டுமே என்ற பயம் இனிமேல் இருக்கும். பரவாயில்லை, அந்தப் பயத்தோடு தூங்க என்னால் முடியும்.

பேச வாய்ப்புத் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பதில் குரல் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி வணங்கி அமைகிறேன். அண்ணி, மேடையில் படி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்து கையைக் கொடுங்கள்.